ஓ.எஸ். ‘பில்ட்’ பாதியில் நிற்கிறதா? கடைசி வரியைப் பார்க்காதீங்க!

மேட்டூர் திறந்தாச்சு, கல்லணையும் திறந்தாச்சு, ஆனால் வயலுக்குத் தண்ணி வரலை. பேராவூரணி, சேதுபாவாசத்திரம் போன்ற கடைமடைப் பகுதிகளில் இது பழைய கதை. அப்போது யாரும் வயலில் நின்று மண்ணைக் கிளற மாட்டார்கள். கரையோடு மேலே நடந்து, அடைப்பு எந்த மதகில் என்று தேடுவார்கள்.

கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை சோர்ஸ் கோடிலிருந்து சொந்தமாக பில்ட் செய்யப் பார்த்து, பாதியில் சிவப்பு எழுத்தில் எர்ரர் வந்ததும் லேப்டாப்பை மூடிவிடுகிறவர்கள் செய்யும் தப்பு இதில்தான் இருக்கிறது. அவர்கள் கடைமடையைக் கிளறுகிறார்கள்.

எதற்கு இந்த வேலை?

ரெடிமேடாக டவுன்லோட் செய்தால் அரை மணியில் முடியும். அப்புறம் ஏன் சோர்ஸிலிருந்து?

தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இது ரொம்பத் தூரத்து விஷயமில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல மெஷின்களில், விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி-யின் இன்குபேஷனில் வளர்ந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘பாரோஸ்’, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மேல் கட்டப்பட்டது. ‘நம்ம ஊர் ஓ.எஸ்.’ என்று எதைச் சொன்னாலும், யாரோ ஒருவர் எங்கோ ஒரு மெஷினில் பல லட்சம் வரி நிரலை பில்ட் செய்து, அது உடைந்து, சரிசெய்து, திரும்ப ஓட்டியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இதைவிடப் பெரிய காரணம் நம்பிக்கை. 2024 மார்ச் 29-ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். தன் கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.ஹெச். லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்தபோது, ‘எக்ஸ்.இசட்.’ என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்று சிக்கியது. அந்த வாசலைத் திறந்துவிடும் துண்டு, எல்லோரும் பார்க்கிற பொது நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த கோப்புப் பொட்டலத்தில் மட்டும், அதுவும் பில்ட் நடக்கும்போது இயங்கும் ஸ்க்ரிப்ட்டுக்குள் ஒளிந்திருந்தது.

ஆக, ‘சோர்ஸ் திறந்திருக்கு, யார் வேணா பார்க்கலாம்’ என்பது பாதி உத்தரவாதம்தான். கண்ணால் பார்த்த நிரலிலிருந்துதான் கையில் இருக்கும் மென்பொருள் வந்ததா என்பதை, பில்ட் செய்து ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் இதற்காகவே, யார் பில்ட் செய்தாலும் ஒரு பிட்கூட மாறாமல் ஒரே கோப்பு வர வேண்டும் என்று வருஷக்கணக்கில் மெனக்கெடுகின்றன. கோப்புக்குள் பதிவாகும் தேதி, நேரம்கூட இதைக் கெடுத்துவிடும்.

எங்கே உடைகிறது?

முதலில் லாக். பில்டுகள் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். ஒன்று தோற்றாலும், ஏற்கெனவே தொடங்கிய மற்றவை கொஞ்ச நேரம் ஓடி, ஆயிரம் வரி கக்கிவிட்டுத்தான் நிற்கும். அதனால் திரையின் கடைசியில் தெரியும் ‘எர்ரர் 2’ என்பது விளைவு மட்டுமே. வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, ‘எர்ரர்’ என்ற சொல் முதன்முதலாக எங்கே வருகிறது என்று தேட வேண்டும். இன்னொரு வழி, ‘மேக்’ கட்டளையை ‘ஜே1’ என்று ஒரே வேலையாகத் திரும்ப ஓட்டுவது. மெதுவாகப் போகும், ஆனால் தோற்ற இடத்திலேயே நிற்கும்.

அந்த முதல் எர்ரர் பெரும்பாலும் சாதாரணமானது. ‘இந்தக் கோப்பு இல்லை’ என்று புள்ளி ஹெச்சில் முடியும் பெயரைச் சொன்னால், ஒரு லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகவில்லை. லைப்ரரி இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. ஓட்டுவதற்கு ஒன்று, பில்ட் செய்வதற்கு இன்னொன்று.

உபுன்டு பயன்படுத்துகிறவர்கள் லினக்ஸ் கெர்னலை முதல்முறை பில்ட் செய்யும்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இப்போது ஓடும் சிஸ்டத்தின் கான்ஃபிக் கோப்பையே காப்பி அடிப்பார்கள், அதுதான் எளிது. கொஞ்ச நேரத்தில், கனோனிக்கல் நிறுவனத்தின் சான்றிதழ் கோப்பு ஒன்றைக் காணோம் என்று பில்ட் நிற்கும். உபுன்டு தயாரிக்கும் கனோனிக்கல், தன் சான்றிதழின் பெயரை அந்த கான்ஃபிக்கில் எழுதி வைத்திருக்கிறது. கெர்னலின் பொது நிரலில் அது எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுச் சாவியைத் தேடுகிற கதைதான். கான்ஃபிக்கில் அந்த இடத்தைக் காலியாக்கினால் பில்ட் நகரும்.

போன வருஷம் பில்ட் ஆன அதே நிரல், ஒரு எழுத்துகூட மாற்றாமல் இப்போது தோற்றால் கம்பைலர் புதுசாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் வந்த ஜி.சி.சி. 10-ம், 2024-ல் வந்த ஜி.சி.சி. 14-ம் முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சில பழக்கங்களை எர்ரர் ஆக்கின. பழைய கம்பைலர் பதிப்பை வைத்து ஓட்டிப் பார்ப்பது, நிரலைத் திருத்துவதைவிட வேகமான சோதனை.

எர்ரரே இல்லாமல் சாகும் பில்ட்

ரொம்பக் குழப்புவது இதுதான். நிரலில் பிழை என்று எதுவும் வராது, ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல், அல்லது 137 என்ற எண். 128-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 137; லினக்ஸில் 9 என்பது ‘உடனே கொல்’ என்ற சிக்னல். ரேம் தீர்ந்துவிட்டதால் கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். நிரலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறை வைத்து விடுவார்கள் இல்லையா, இங்கேயும் மருந்து அதுவே. 8 வேலைகள் ஒன்றாக ஓடினால் 2 ஆகக் குறைக்க வேண்டும், டிஸ்க்கில் கொஞ்சம் ஸ்வாப் இடம் ஒதுக்க வேண்டும். நேரம் கூடும், பில்ட் முடியும்.

ஆண்ட்ராய்டுக்கு இந்த வைத்தியம் பெரிதாக எடுபடாது. அதன் மூலநிரலை இறக்கி பில்ட் செய்ய 64 ஜி.பி. ரேம், 400 ஜி.பி. காலி இடம் வேண்டும் என்கிறது கூகுள். அந்நிறுவனம் பயன்படுத்தும் 72 கோர் மெஷினிலேயே முழு பில்டுக்குச் சுமார் 40 நிமிடம். இங்கே பெரும்பாலான மாணவர்களின் வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு இது கட்டுப்படியாகாது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கையில் இருப்பதை வைத்துப் பழக நினைப்பவர்களுக்கு ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ இருக்கிறது. ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-ல் தொடங்கிய இலவச வழிகாட்டி நூல் அது. ஒவ்வொரு பேக்கேஜாக நாமே பில்ட் செய்து ஒரு முழு லினக்ஸைக் கட்டலாம். 4 கோர், 8 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது என்கிறது அந்நூல். குறைவாக இருந்தாலும் முடியும், இழுக்கும்.

எவ்வளவு இழுக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். ‘பின்யுடில்ஸ்’ என்ற முதல் பேக்கேஜை பில்ட் செய்ய உங்கள் மெஷின் எடுக்கும் நேரம்தான் 1 எஸ்.பி.யூ. மற்ற பேக்கேஜ்களின் நேரத்தை நூல் இந்த அலகிலேயே தருகிறது. முதல் பேக்கேஜுக்கு 10 நிமிடம் ஆனால், 5 எஸ்.பி.யூ. என்று போட்டிருப்பதற்குச் சுமார் 50 நிமிடம். பவர் கட் இருக்கும் நாளில், எதை எப்போது தொடங்கலாம் என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு போதும்.