மேலுமலை இறக்கத்தில் ஒரு பழைய ஜீப்



ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சூளகிரியைக் கடந்தபின் சாலை மேலுமலைக் கணவாய் வழியாக இறங்கும். ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டரில். இந்த வழியில் ஏறும் வண்டிக்கு எஞ்சின் உழைக்கிறது. இறங்கும் வண்டிக்கு பிரேக் உழைக்கிறது.

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது. மகிந்திரா நிறுவனத்தார் 1947 முதல் பம்பாயில் இணைத்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மாந்தோப்புக்குள் மேடு பள்ளம் பாராமல் ஓடும். ஒருநாள் ஓசூரிலிருந்து மாமாவுடன் அதில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்தது. மாமா பதறாமல் கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியிலேயே வேகத்தைத் தணித்து, ஓரமாக நிறுத்தினார். சக்கரங்களின் அருகே கருகிய நாற்றம். அரைமணி நேரம் கழித்து மிதித்தால் பிரேக் முன்போலவே பிடித்தது! எதுவும் உடையவில்லை, எதுவும் ஒழுகவில்லை. பின் என்னதான் நடந்தது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆட்களுடன் ஜீப்பின் நிறை 1,500 கிலோகிராம் என்க. அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் 1,500 × 9.8 × 100, அதாவது 14 இலட்சத்து 70 ஆயிரம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் சாலையும் எஞ்சினும் இதில் ஒரு பங்கை ஏற்கும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறியே தீரவேண்டும். பிரேக்கின் தொழில் வண்டியை நிறுத்துவது என்கிறோம். இயற்பியல் கண்கொண்டு பார்த்தால், ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே அதன் தொழில்.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். சக்கரத்துடன் சுழலும் வார்ப்பிரும்பு டிரம்முக்குள்ளே பிறைவடிவமான இரண்டு ஷூக்கள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்புறத்தில் உராயும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கைத்தடியை முன்பக்கமாகச் சாய்த்துத் தரையில் ஊன்றியபடியே முன்னே தள்ளிப் பாருங்கள்; நுனி மண்ணில் குத்தி மேலும் பதியும். பின்புறம் சாய்த்து இழுத்தால் சும்மா உராய்ந்துகொண்டு வரும். அதுபோல முன் ஷூவைச் சுழலும் டிரம்மே தன்பக்கம் இழுத்து இறுக்கிக்கொள்ளும். ஓட்டுநரின் கால் குறைவாக மிதித்தாலே போதும்.

ஆனால் இந்தச் சலுகை உராய்வை நம்பியே நிற்பது. வெப்பத்தால் லைனரின் உராய்வு கொஞ்சம் குறைந்தால், தானாக இறுகும் பலமும் கூடவே குறையும், இழப்பு இரட்டிப்பாகிறது. போதாக்குறைக்கு டிரம் விரிகிறது. 9 அங்குல டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் சுமார் முக்கால் மில்லிமீட்டர் பெருகும். விரிவது ஷூவை விட்டு விலகும் திசையில் அல்லவா? ஷூ அதைத் துரத்திக்கொண்டு போகவேண்டும். பெடல் அமிழ்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆறியதும் டிரம் சுருங்கியது. பிரேக்கும் திரும்பி வந்தது.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. காற்றில் திறந்து சுழலும் ஒரு தட்டை இரு பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. தட்டு சூடேறித் தடித்தாலும் பேடை நோக்கியே தடிக்கும். ஓடையைக் கடந்து வந்தால் நீரைச் சுழற்றி உதறிவிடும். டிரம்மோ உள்ளே தேக்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அது புகழடையவோ 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது.

இதையெல்லாம் கேட்ட மாமா, ஓசூரில் ஒரு பட்டறையில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்தச் சொன்னார். பிரேக் போடும்போது எடை முன்புறம் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே. ஆகவே பின்னால் டிரம்மே இருக்கட்டும் என்றார்கள். அது சரியே. வேறொரு வண்டியின் டிஸ்க்கும் காலிபரும் வாங்கி, லேத்தில் தாங்கி கடைந்து, ரிம்மில் உரசாதபடி பூட்டினார்கள். நேர்த்தியான வேலைதான்.

மறுவாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறினோம். ஏற்றம் ஆதலால் பிரேக்கைத் தொட்டதே அபூர்வம். ஓசூரில் இறங்கியதும் முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோக முடியாத அனல்! பின் டிரம்கள் குளிர்ந்தே இருந்தன. மிதிக்காத பிரேக் எப்படிச் சூடாகும்? மேலே படிக்குமுன் சற்று யோசியுங்கள்.

விடை பெடலுக்கு அடியில் இருந்தது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. (ஆயில் என்றாலும் அது எண்ணெய் அன்று, ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும் என்பதால் அவ்வப்போது மாற்றவேண்டும்.) டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு உண்டு. காலை எடுத்த பின்னும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது மிச்சம் வைக்கும். டிரம்மில் அதனால் கேடில்லை. ஷூக்களைப் பின்னுக்கு இழுக்க வலுவான சுருள்வில்கள் உள்ளன. காலிபரில் வில்லே கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் வளைவு நிமிரும்போது அதை இம்மியளவு பின்னுக்கு இழுக்கும், அவ்வளவே.

பாஸ்கல் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால், அந்த மிச்ச அழுத்தம் அதை 14 கிலோகிராம் எடைக்கு நிகராகத் தள்ளுகிறது. யாரும் மிதிக்காமலேயே பேடு தட்டைக் கவ்விக்கொண்டே வந்திருக்கிறது. இறங்கும்போது காக்கப் பூட்டிய பிரேக், ஏறும்போதே லைனரையும் ஆயிலையும் சுட்டுக்கொண்டிருந்தது!

வால்வை அடியோடு கழற்றிவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில், காலிபரைவிட உயரமாக இல்லாத இடத்தில் இருக்கிறது. வால்வே இல்லையென்றால் திரவம் பின்னோக்கி வடிந்து, முதல் மிதியில் பெடல் வெறுமையாகப் போகும். எனவே முன்குழாயில் 2 பவுண்டு வால்வு, பின்குழாயில் பழையபடி 10 பவுண்டு வால்வு. அத்துடன் டிஸ்க்குக்குத் தானாக இறுகும் சலுகை இல்லாததால் கால் அதிகம் மிதிக்கவேண்டும். காலிபரின் பெரிய பிஸ்டனுக்குத் திரவமும் அதிகம் தேவை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினோம். பழையதில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச்சுற்று. ஒரு குழாய் வெடித்தால் எல்லாம் போயிற்று. புதியதில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று. எனக்கு டிஸ்க்கைவிட இதுவே பெரிய லாபமாகத் தோன்றியது. கைபிரேக்கைத் தொடவேண்டியிருக்கவில்லை; அது சக்கரத்தில் இல்லாமல் பின்னச்சுக்குச் செல்லும் தண்டில் இருந்தது.

இன்னும் இரண்டு செய்திகள். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டறிய வேண்டும். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரவல்லது. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

மாற்றிய பின் மறுபடியும் ஓசூர் ஏறினோம். மாமா இறங்கி, முதலில் புறங்கையை முன்சக்கரத்தருகே நீட்டி அனல் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, பிறகு தட்டைத் தொட்டார். வெயிலில் நின்ற இரும்பின் சூடுதான் இருந்தது.