ஒரு வண்டி, பல பெயர்!

திருவனந்தபுரம் சாக்கையில் பிரமோஸ் நிறுவனம் இருப்பது இங்குள்ள தமிழர்களுக்குத் தெரியும். பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்ற இரு நதிகளின் பெயரைச் சேர்த்து ஏவுகணைக்கு வைத்த பெயர் அது. ராணுவத்தின் சங்கிலிச் சக்கர வண்டிகளுக்கும் இப்படிப் பெயர்க் கதை உண்டு. அதில் பெரும்பகுதி நம் ஆவடியில் நடந்தது.

விஜயந்தா முதல் அர்ஜுன் வரை

பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த டாங்கி 1965-ல் ஆவடியில் தயாரானது. அதற்கு 'விஜயந்தா' என்று பெயர் சூட்டினார்கள். 1971 போரில் அது களம் கண்டது.

பிறகு ரஷியாவின் டி-72 வந்தது. அது 'அஜேயா' ஆயிற்று. வெல்ல முடியாதது என்று பொருள். அடுத்து வந்த டி-90, 'பீஷ்மா' ஆனது. ஆவடியில் தயாரான பீஷ்மாக்கள் 2009-ல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

நம் நாட்டிலேயே வடிவமைத்த டாங்கிக்குப் பெயர் 'அர்ஜுன்'. 2024-ல் காட்சிக்கு வந்த இலகு டாங்கிக்குப் புராணப் பெயர் இல்லை. லடாக்கில் படை நடத்திய டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர் வைக்கப்பட்டது.

வேவு பார்க்கும் சரத்

டாங்கியைவிடச் சிறியது 'சரத்'. ரஷியாவின் பி.எம்.பி-2 வண்டிதான் இது. மேடக் ஆயுதத் தொழிற்சாலையில் 1987 முதல் தயாரானது. ஓட்டிச் சுடும் மூவருடன் ஏழு வீரர்கள் ஏறலாம். தண்ணீரிலும் மிதந்து செல்லும்.

இதே உடலில் எத்தனை வேலைகள்! காயம்பட்டவர்களை ஏற்றினால் ஆம்புலன்ஸ். 'நாக்' ஏவுகணையைச் சுமந்தால் 'நமிகா'.

வேவு பார்க்க மட்டும் இரண்டு வகை. ஒன்று, அணுக்கதிர், நச்சுப்பொருள், நோய்க்கிருமி பரவிய இடத்துக்கு முன்னால் சென்று சோதிப்பது. மற்றொன்று, பொறியாளர் படைக்கு உரியது. ஆற்றின் ஆழம் என்ன, கரை மண் பாரம் தாங்குமா என்று அளந்து சொல்லும். பின்னால் வரும் படை எங்கே ஆற்றைக் கடக்கலாம் என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது. 2021 டிசம்பரில் இது படையில் சேர்ந்தது.

எழுத்து பிசகினால்...

பெயர் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் வேலை நடப்பது பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணையும் எழுத்தையும் வைத்துத்தான்.

அஜேயாவும் பீஷ்மாவும் தூரப் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். அஜேயாவின் எஞ்சின் 780 குதிரைசக்தி, பீஷ்மாவினுடையது 1,000. இண்டெண்டில் பெயரை மாற்றி எழுதினால், வந்து சேரும் உதிரிபாகம் பொருந்தாது.

அர்ஜுன் மார்க்-1 எடை சுமார் 58 டன். மார்க்-1ஏ சுமார் 68 டன். நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து. வித்தியாசம் 10 டன்! எந்த வேகனில் ஏற்றுவது, எந்தப் பாலத்தில் விடுவது என்பதெல்லாம் அந்த எழுத்தில் இருக்கிறது.

ஸ்டோர்ஸிலும் பார்சல் ஆபீசிலும் பேனா பிடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. போர்முனையில் நிற்கும் வண்டிக்குச் சரியான பாகம் போய்ச் சேர, எங்கோ ஒரு குமாஸ்தா அந்த ஓர் எழுத்தையும் விடாமல் எழுதியிருக்க வேண்டும்.