கல்லாகும் என்புகளும் கைநழுவும் காலமும்

பிள்ளையின் என்பு வலுப்பெற வேண்டுமென்று பாலும் முட்டையும் ஊட்டி வளர்க்கும் பெற்றோரிடம், என்பு அளவுக்கு மீறி இறுகுவதும் ஒரு நோயே என்று கூறினால் அவர்கள் வியப்படையவே செய்வர். ஆனால், பரம்பரையாகத் தொடரும் அத்தகைய நோயொன்று உண்டு. ஒஸ்டியோபெட்ரோசிஸ் என மருத்துவ உலகு அழைக்கும் இந்நோய், பளிங்கு என்பு நோய் எனவும் வழங்கப்படுகின்றது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த எக்ஸ்-கதிர் மருத்துவரான அல்பர்ஸ் ஷோன்பேர்க் 1904 ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விபரித்தார். சிசுப் பருவத்திலேயே தலைகாட்டும் இதன் கடும் வடிவம் சுமார் 250,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகின்றது.

என்பு ஒருமுறை உருவானபின் மாறாதிருக்கும் பொருளன்று. ஒருவகைக் கலங்கள் புதிய என்பைக் கட்டியெழுப்ப, மற்றொரு வகைக் கலங்கள் பழைய என்பைக் கரைத்து அகற்றுகின்றன. கரைக்கும் கலங்கள் உருவாகாமையும், உருவாகியும் தொழிற்படாமையுமே இந்நோயின் மூலகாரணமாகும். இதனால் என்பு கனக்கின்றதே தவிர வலுப்பெறுவதில்லை. சிறு விழுகையிலும் முறிந்துவிடுகின்றது. என்பு மச்சைக்குரிய இடம் அடைபடுவதால் குருதிச்சோகையும் அடிக்கடி தொற்றுகளும் ஏற்பட, மச்சையின் பணியை ஏற்கும் ஈரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. மண்டையோட்டின் துவாரங்கள் ஒடுங்கிப் பார்வை நரம்பை நெருக்குகின்றன. என்பிலிருந்து கல்சியம் வெளிவராமையால் குருதியில் அதன் அளவு குறைந்து வலிப்பும் உண்டாகலாம்.

நோயை இனங்காண்பதிலுள்ள சிக்கல் இங்குதான் ஆரம்பமாகின்றது. பார்வை நிலைகொள்ளாத குழந்தை கண் வைத்தியரிடமும், வெளிறிய குழந்தை குருதி நோய் நிபுணரிடமும், வலிப்புக் கண்ட குழந்தை நரம்பியல் நிபுணரிடமும் கொண்டு செல்லப்படுகின்றது. இவையனைத்தும் ஒரே நோயின் வெவ்வேறு முகங்கள் என்ற ஐயம் எவருக்கேனும் எழ வேண்டும். அவ்வாறு எழுமாயின், அதனைத் தீர்த்துக்கொள்ளச் சாதாரண எக்ஸ்-கதிர் படமே பெரும்பாலும் போதுமானதாகும். மச்சை இருக்க வேண்டிய நடுப்பகுதியும் அதனைச் சூழ்ந்த ஓடும் வேறுபாடின்றி ஒரே வெண்மையாகத் தெரியும். சில வேளைகளில் என்புக்குள் மற்றொரு என்பு இருப்பது போன்ற தோற்றமும் காணப்படும்.

அடுத்த படி பரம்பரையலகுப் பரிசோதனையாகும். சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுவே. என்பைக் கரைக்கும் கலங்கள் குருதியின் மூலக் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன. 1980 இல் வெளியான அறிக்கையொன்றின்படி, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐந்து மாதப் பெண் குழந்தையொன்றுக்கு அதன் சகோதரனின் மச்சை மாற்றப்பட்டபோது, என்பைக் கரைக்கும் கலங்கள் சகோதரனுடையவையாக மாறியமை அவதானிக்கப்பட்டது. எனினும், குறைபாடு அக்கலங்களுக்கு வெளியே உள்ள அரிய வகையிலும், மூளையையே சிதைக்கும் வகையிலும் இச்சிகிச்சை உரிய பலன் தராது. பலன் தரக்கூடிய வகையிலும் இழந்த பார்வை பொதுவாக மீள்வதில்லை. ஆகையால், இங்கு ஒவ்வொரு மாதமும் பெறுமதி மிக்கதாகும்.

கடும் வடிவத்தில் பெரும்பாலும் தாய், தந்தை இருவருமே நோயற்றவர்களாகவும் குறைபாடுள்ள பரம்பரையலகைக் காவுபவர்களாகவும் இருப்பர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் ஏற்படும் வாய்ப்பு 25 சதவீதமாகும். மச்சான், மச்சாள் முறைத் திருமணங்கள் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் நிலவுவதால் இது எமக்கும் தொடர்புடைய விடயமே. நெருங்கிய உறவினரிடையே ஒரே குறைபாடு இருவரிடமும் அமையும் சாத்தியம் அதிகமாகும். இதற்காகத் தாயை மட்டும் குறைகூறுவது அறியாமையாகும். பெற்றோர் இருவரிடமிருந்தும் சமமாக வந்த ஒன்றுக்கு எவரும் குற்றவாளியல்லர்.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை ஒளியை நோக்காமலும், காரணமின்றி வெளிறியும், வயிறு புடைத்தும் காணப்படுமாயின், இவ்வறிகுறிகள் யாவற்றையும் ஒரே வைத்தியரிடம் ஒருசேரக் கூறுவது பெற்றோரின் கடமையாகும். குடும்பத்தில் சிசுக்கள் இறந்திருப்பின் அதனையும் மறைத்தலாகாது. அரிய நோய் என்பதனால் அதனை எண்ணிப் பாராது விடுவதே, அக்குழந்தை பார்வையை இழக்கக் காரணமாகிவிடக் கூடாது.