அம்மம்மாவின் கைக்கேற்ற பெட்டி

மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலையிலுள்ள தோழியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவளுடைய அம்மம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. இரவு நாடகம் தொடங்கும் வேளையில்தான் அவருக்குக் கண் அயரும். காலையில், "நேத்து நாடகத்தில என்ன நடந்தது மகள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். நின்று பதில் சொல்ல எவருக்கும் நேரமில்லை. மாமா ஒரு பதிவுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அது துணி போர்த்தபடியே கிடந்தது. "நான் அமத்தினா பழுதாப் போயிரும்" என்றார் அம்மம்மா.

இந்தப் பெட்டி பழைய வீடியோ டெக்கின் வாரிசு. கசெட்டுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நிகழ்ச்சியைச் சேமிக்கிறது. உயர்தெளிவு நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிகாபைட் இடம் பிடிக்கும். எனவே 500 ஜிகாபைட் டிஸ்க்கில் நூறு மணி நேரத்துக்கு மேல் சேமிக்கலாம். ஒரு முதியவருக்கு அது தாராளம்.

வாங்குமுன் வீட்டுக்கு ஒளிபரப்பு எவ்வழியால் வருகிறது என்று பாருங்கள். கூரை அன்டெனாவில் வரும் அனலொக் அலைவரிசைகளைப் புதிய தொலைக்காட்சிகளின் யூஎஸ்பி பதிவு வசதி பொதுவாகப் பதிவு செய்யாது. அது டிஜிட்டல் ஒளிபரப்புக்கானது. டிஷ் இணைப்பென்றால், பதிவு செய்யும் வசதி அதன் பெட்டியிலேயே இருக்க வேண்டும். மார்கழி அடைமழையில் படம் அறுந்தால் பதிவும் அறுந்துவிடும். ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டிவி போன்ற இணைப்புகளில், ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சியைப் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். பதிவு செய்ய மறந்தாலும் கவலையில்லை. ஆனால் எல்லா அலைவரிசைகளுக்கும் அந்த வசதி உண்டா என்று கேட்டறியுங்கள்.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாடகத்தை ஒருமுறை குறித்துவிட்டால் நாள்தோறும் தானாகப் பதிவாகுமா? மின்சாரம் நின்று வந்தபின் அந்தக் குறிப்பு அழியாமல் இருக்குமா? ஒன்றைப் பதியும்போது வேறொன்றைப் பார்க்கலாமா?

பிறகு ரிமோட்டை உங்கள் கையில் வைத்திருக்காதீர்கள். பெரியவரின் கையில் கொடுங்கள். பதிந்ததைத் திறப்பது, நிறுத்துவது, நேரடி ஒளிபரப்புக்குத் திரும்புவது ஆகிய மூன்றையும் அவர் உதவியின்றிச் செய்யட்டும். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, பொத்தான் விரலுக்கு அகப்படுகிறதா என்று பாருங்கள். மூன்று முறை காட்டியும் தடுமாறினால் வேறு பெட்டியைப் பாருங்கள். வசதிகள் குறைந்த பெட்டியே பலவேளை அவருக்கு நல்ல பெட்டி.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தோழி செய்ததைச் செய்து பாருங்கள். நாடகம் தினமும் பதிவாகும்படி அவளே குறித்து வைத்தாள். ரிமோட்டில் தேவையான மூன்று பொத்தான்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நிற ஒட்டுப்பொட்டுகளை ஒட்டினாள். மற்றவற்றைத் தடித்த டேப்பால் மூடினாள். "எதை அமத்தினாலும் பழுதாகாது அம்மம்மா" என்று சொல்லி, ஒரு வாரம் மாலைதோறும் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். தானாக எதையும் அமத்திக் காட்டவில்லை. அந்த ஒரு வாரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சென்ற மாதம் மீண்டும் போனேன். பெட்டிமேல் துணி இல்லை. என்னைக் கண்டதும் அம்மம்மா அருகில் அழைத்தார்.

"இரு மகள், நேத்து நாடகத்தில என்ன நடந்ததெண்டு நான் சொல்லுறன்."