உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் படாத நியூட்ரான்

● சர் சி.வி. ராமன் பிறந்த ஊர் திருவானைக்காவல் (1888 நவம்பர் 7). காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தோடு ஒட்டிய ஊர். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, ஆற்றல் மாறி வெளியேறுகிறது என்று 1928-இல் அவர் கண்டார். அந்த வித்தியாசத்தை அளந்தால் மூலக்கூறின் உள்விவரம் தெரிந்துவிடும்!

● அணுக்கருவிலும் இதைப் போல ஒரு கணக்கு உண்டு. வேகமாக வரும் நியூட்ரான் இரும்பின் அணுக்கருவில் மோதி, ஆற்றலில் ஒரு பகுதியை அங்கே விட்டுவிட்டுப் போகும். அதை வாங்கிக்கொண்ட இரும்பு-56, காமாக் கதிர்களாக வெளியே விடும். அவற்றில் முக்கியமானதன் ஆற்றல் 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரானையும் காமாவையும் சேர்த்து அளந்தால்தான் வரவு செலவு நேராகும்.

● நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. கருவியில் நேராகத் தடம் பதிக்காது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் அதைக் கண்டுபிடித்ததே, மெழுகிலிருந்து அது தள்ளிவிட்ட புரோட்டான்களை வைத்துத்தான். இன்றைய கருவிகளில் ஹீலியம்-3, போரான்-10 போன்றவை நியூட்ரானைப் பிடித்து, மின்னூட்டமுள்ள துகள்களாக உடைந்து காட்டிக்கொடுக்கின்றன.

● திருச்சி மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு, காற்றே இல்லாத ஒரு குழாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். தூரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். காமா, நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும். 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானுக்கு அதைப்போல் 20 மடங்குக்கு மேல் ஆகும். மெதுவான 'வெப்ப நியூட்ரான்' வந்துசேர ஒன்றரை நொடி! இப்படிப் பயண நேரத்தை வைத்தே ஆய்வுக்கூடங்களில் நியூட்ரானின் ஆற்றலைக் கணக்கிடுகிறார்கள்.

● திருச்சி பெரிய கடைவீதியில் வாங்கும் தங்கம் தங்கம்-197. ஒரு நியூட்ரானை விழுங்கினால் அது தங்கம்-198 ஆகிவிடும். 2.7 நாளில் பாதி, பாதரசமாக மாறும். அப்போது வரும் 412 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை எண்ணினால், எத்தனை நியூட்ரான் வந்தன என்று சொல்லிவிடலாம்.

● மணவாளக்குறிச்சி கடல் மணலில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 நியூட்ரானை விழுங்கி, இரண்டு படி மாறினால் யுரேனியம்-233. அதையே எரிபொருளாகக் கொண்டது, 1996-இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தின் 'காமினி' உலை. திறன் வெறும் 30 கிலோவாட். ஆனால் இஸ்ரோ ராக்கெட்டுகளின் வெடிக்கருவிகளை, உலோக உறைக்குள்ளேயே நியூட்ரானால் படம் எடுத்துச் சோதிக்க உதவுகிறது.

● நம் அணுமின் நிலையங்களுக்கான பிரம்மாண்டமான நீராவிக் கலன்கள் திருச்சி பெல் ஆலையில் உருவாகின்றன. அவற்றில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம், நியூட்ரான் பட்டு யுரேனியம் பிளப்பதால் வருவது. எவ்வளவு வெப்பம் பிறக்கும், காமாவைத் தடுக்க எவ்வளவு கனத்தில் சுவர் வேண்டும் என்ற கணக்குக்கெல்லாம் அடிப்படை, ஒவ்வொரு தனிமத்திலும் நியூட்ரானை மோதவிட்டுப் பொறுமையாக எடுத்த அளவுகள்தாம். திருவானைக்காவல் தந்த மேதை ஒளியில் காட்டிய அதே பொறுமை!