ரிடண்டன்ட்: பாராட்டா, வேலை போன செய்தியா?

இன்னைக்கு நாம பார்க்கப் போற அட்ஜெக்டிவ், ரிடண்டன்ட். தேவைக்கு மேல இருக்கிறதுன்னு அர்த்தம். ‘வழிந்து ஓடுவது’ங்கிற லத்தீன் வினைச்சொல்லில் இருந்து வந்தது.

எழுதும்போது இது குறை. ‘ரிட்டர்ன் பேக்’னு எழுதினா அதுல ‘பேக்’ ரிடண்டன்ட். நம்ம ‘நடு சென்டர்’ மாதிரிதான். நன்னூல்கூட ‘கூறியது கூறல்’னு இதைக் குற்றத்துல சேர்த்திருக்கு.

ஆனா என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது நல்ல வார்த்தை. ஒரு சர்வர் படுத்துட்டா, சும்மா நின்ன இன்னொரு சர்வர் வேலையை எடுத்துக்கும். அதுதான் ரிடண்டன்ட் சர்வர். 1988-ல் ஆய்வுக் கட்டுரையா வந்த ‘ரெய்டு’ங்கிற பெயரில் முதல் எழுத்தே இந்த வார்த்தைதான்.

கவனமா இருக்க வேண்டியது பிரிட்டிஷ் பயன்பாட்டுலதான். ‘ஷி வாஸ் மேட் ரிடண்டன்ட்’னா அவங்க பார்த்த வேலையே இனி கம்பெனிக்குத் தேவையில்லை, அதனால அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பு எதுவும் இல்லை. தப்பு செஞ்சு போனா ‘சாக்ட்’. இந்த வித்தியாசத்துல பணமும் இருக்கு: ரெண்டு வருஷ சர்வீஸ் இருந்தா ரிடண்டன்ட் ஆனவங்களுக்கு அங்கே சட்டப்படி இழப்பீடு உண்டு. 1965-ல் வந்த உரிமை அது.

அதனால லண்டன் கம்பெனி இன்டர்வியூல பழைய வேலை ஏன் போச்சுன்னு கேட்டா, ஆட்குறைப்புல போயிருந்தா, ‘மை ரோல் வாஸ் மேட் ரிடண்டன்ட்’னு தயங்காம சொல்லுங்க. அமெரிக்கக் கம்பெனின்னா ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’.

சொல்லும்போது அழுத்தம் நடுவுல வரும் ‘டன்’ மேல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.