அந்த நாலு பேர் யார்?

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! தச்சநல்லூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

'மனிதன் தன்னை அறிந்துகொள்வது ஊரோடு ஒத்து வாழ்வதிலா, தனித்து நிற்பதிலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்தார். உலகத்தோடு பொருந்தி வாழத் தெரியாதவன் எத்தனை நூல் படிச்சிருந்தாலும் அறிவில்லாதவன்தான்னு வள்ளுவரே சொல்லிட்டாரேன்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் மறுக்கலே. ஆனா அந்தக் குறள் எந்த அதிகாரத்திலே இருக்கு? ஒழுக்கமுடைமையிலே. அதே வள்ளுவர் கூடாவொழுக்கத்திலே என்ன சொல்றார்? மொட்டையும் அடிக்க வேண்டாம், சடையும் வளர்க்க வேண்டாம், உலகம் பழிக்கிற காரியத்தை விட்டாப் போதும்கிறார்.

ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். அடுத்தவனுக்குக் கெடுதல் செய்யாதேங்கிற விஷயத்திலே ஊரோடு ஒத்துப் போ. அது ஒழுக்கம். என்ன படிக்கணும், என்ன வேலை பாக்கணும், எப்படி முடி வெட்டிக்கணும்ங்கிறது கோலம். கோலத்திலே ஊருக்கு என்ன வேலை? ஆனா நம்ம ஊர் என்ன பண்ணுது? லஞ்சம் வாங்கினவன் வீட்டுக் கல்யாணத்திலே வரிசையிலே நின்னு மொய் எழுதுது. ஒரு பையன் தமிழ் எம்.ஏ. படிக்கான்னா துக்கம் விசாரிக்குது! (சிரிப்பு)

சிரிக்காதீங்க. என் வகுப்பிலே ஒரு பொண்ணு. நம்ம பக்கத்துப் பொண்ணுதான். "நான் தமிழைக் கேட்டு வாங்கினேன் சார். ஆனா வீட்டிலே சொந்தக்காரங்க கிட்டே நான் கம்ப்யூட்டர் படிக்கேன்னு சொல்லி வச்சிருக்காங்க" என்றாள். ஏம்மான்னு கேட்டேன். "நாலு பேர் கேப்பாங்களாம் சார்." மூணு வருஷம் அந்தப் பிள்ளை சொந்த வீட்டு விசேஷத்திலே வேற ஒருத்தியா நடிக்கணும்! இதைவிட ஒரு தண்டனை உண்டா?

சரி, யார் அந்த நாலு பேர்? பேர் சொல்லுங்கன்னா யாருக்கும் தெரியாது. ஆனா வெளிநாட்டிலே ஒருத்தர் அவங்களை எண்ணிப் பார்த்தார். சாலமன் ஆஷ்னு ஓர் உளவியல் அறிஞர். அமெரிக்காவிலே 1951-இல் தன் சோதனையை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டுவார். பக்கத்திலே மூணு கோடு. எது அதே நீளம்னு சொல்லணும். தனியாக் கேட்டா கிட்டத்தட்ட யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க. ஆனா முன்கூட்டியே பேசி வச்ச ஆட்களை உட்காரவச்சு, அத்தனை பேரும் ஒரே தப்பைச் சொன்னா? உண்மையா வந்தவங்களிலே முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்புக்குத் தலையாட்டினாங்க. கண்ணாலே பார்த்த கோட்டை!

இன்னொண்ணு கேளுங்க. எதிரே ஒருத்தர் தப்புச் சொன்னா யாரும் அவ்வளவா அசையலே. ரெண்டு பேர் சொன்னா கொஞ்சம் ஆடினாங்க. மூணு பேர் ஆனதும் முழு வேகம். அதுக்கு மேலே கூட்டம் சேர்ந்தாலும் பெரிசா ஒண்ணும் கூடலே. நம்ம ஆச்சிமார் எந்தப் பரிசோதனையும் செய்யாம 'நாலு பேர்'னு கணக்குச் சொல்லியிருக்காங்களே, அதுதான் திருநெல்வேலி! (கைதட்டல்) இப்போ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலே நாப்பது பேர் இருக்கான். ஆனா நம்மை ஆட்டி வைக்கிறதுக்கு இன்னைக்கும் அந்த நாலு பேர் போதும்.

அந்த நாலு பேரைத் தாண்டிப் போன ஒருத்தரைச் சொல்றேன். வேற ஊர்லே தேட வேண்டாம். சொ. விருத்தாசலம். உங்களுக்குத் தெரிஞ்ச பேரு புதுமைப்பித்தன். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தார், வளர்ந்தது நம்ம திருநெல்வேலியிலே. இங்கே இந்துக் கல்லூரியிலே பி.ஏ. முடிச்சார். அப்பா தாசில்தார். தாசில்தார் மகனுக்கு ஊர் முன்கூட்டியே ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கும் இல்லையா? அப்பாவுக்கும் மகன் சர்க்கார் உத்தியோகத்திலே உட்காரணும்னு ஆசை. மகன் பேனாவைத் தூக்கிக்கிட்டுச் சென்னைக்குப் போனார். மணிக்கொடி, ஊழியன், தினமணின்னு பத்திரிகைச் சம்பளத்திலே காலம் தள்ளினார்.

அவர் 1943-இல் 'சாபவிமோசனம்'னு ஒரு கதை எழுதினார். அகலிகை கதை. இராமன் பாதம் பட்டுக் கல் பெண்ணாகிறாள். அதோட நம்ம புராணம் முடிஞ்சுது. புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குறார். வனவாசம் முடிஞ்சு சீதை அகலிகையைப் பார்க்க வாரா. தன்னைத் தீயிலே இறங்கச் சொன்ன விஷயத்தைச் சொல்றா. ஏன்? உலகத்துக்கு நிரூபிக்கணுமாம்! அகலிகைக்கு அதைத் தாங்க முடியலே. மறுபடியும் கல்லாகிறாள். யோசிச்சுப் பாருங்க. கோதமன் சாபத்தாலே ஒரு தடவை கல்லானவளை ரெண்டாம் தடவை கல்லாக்கியது யாருடைய சாபம்? எந்த முனிவரும் சபிக்கலே. நாலு பேர் என்ன சொல்லுவாங்களோங்கிற பயம்தான் கல்லாக்கிச்சு. இராமனையே ஆட்டி வச்ச பயம், நம்மளை விடுமா?

எதிரணி இப்போ கேக்கும். "அண்ணாச்சி, அப்படின்னா எல்லாரும் ஊரைவிட்டு ஓடிரணுமா?" இல்லே ஐயா! புதுமைப்பித்தன் நாற்காலியைத்தான் வேண்டாம்னார், ஊரை வேண்டாம்னு சொல்லலே. சென்னையிலே உட்கார்ந்து திருநெல்வேலித் தமிழைத்தான் எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளைப் பத்தின 'துன்பக்கேணி' கதைக்கும் நம்ம ஜில்லா வாசவன்பட்டியிலேதான் பிள்ளையார் சுழி போட்டார்.

உங்க ஊர்ப் பேரிலேயே ஒரு தச்சன் இருக்கான். அவனைக் கேளுங்க. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, நாதசுரத்துக்கு ஆச்சா, ஏருக்குக் கருவேல். மரத்தைப் பார்த்துத்தான் உளி வைப்பான். பலாவும் கருவேலும் இந்த மண்ணிலே முளைச்சதுதான். அதுக்காக ரெண்டையும் ஒரே சாமானாச் செதுக்கினா அவனைத் தச்சன்னு சொல்லுவீங்களா? ஒரே மண் வேற. ஒரே அச்சு வேற.

"அவர் நல்லாவா வாழ்ந்தார்? காசநோயிலே, 42 வயசிலே போயிட்டாரே"ன்னு கேட்டா, உண்மைதான். 1948 ஜூன் 30. மேடையிலே நின்னுக்கிட்டு அதை மறைச்சுப் பேசினா அது மோசடி. அந்த விலையை அவர் மட்டுமா கொடுத்தார்? மனைவி கமலா அம்மையாரும் கொடுத்தாங்க, பச்சைப் பிள்ளையும் கொடுத்துச்சு. 2002-இல் தமிழ்நாடு அரசு அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கிச்சு. ஆனா அவர் போய் 50 வருஷத்துக்கு மேலே ஆனப்புறம் வந்த மாலை அது.

விலை ஏன் இவ்வளவு ஏறிப்போகுது? சாலமன் ஆஷ் சோதனையிலே கடைசியா ஒரு பகுதி உண்டு. அத்தனை பேரும் தப்புச் சொல்லும்போது ஒரே ஒருத்தரைச் சரியாச் சொல்ல வச்சார். அவ்வளவுதான். கூட்டத்துக்குப் பயந்து தப்புச் சொன்னது நாலிலே ஒரு பங்காக் குறைஞ்சு போச்சு! துணைக்கு ஒரு குரல் கேட்டாப் போதும், மனுஷன் தன் கண்ணை நம்ப ஆரம்பிச்சிருதான்.

நடுவர் அவர்களே! நம்ம ஒவ்வொருத்தருக்கும் நாலு பேர்மேலே பயம். ஆனா நாம யாரு? பக்கத்து வீட்டுக்காரருக்கு நாமதான் அந்த நாலு பேரிலே ஒருத்தர். அவர் நமக்குப் பயப்படுதார், நாம அவருக்குப் பயப்படுதோம். நடுவிலே பிள்ளைங்க கல்லாகுது. 'தனித்து நில்'னு பிள்ளைங்களுக்கு மட்டும் புத்தி சொல்லி என்ன புண்ணியம்? பெரியவங்க நாம அந்த நாலு பேர் உத்தியோகத்தை ராஜினாமா பண்ணணும். அடுத்த விசேஷ வீட்டிலே ஒரு பொண்ணு "நான் தமிழ் படிக்கேன்"னு சொன்னா, எல்லாரும் உச்சுக்கொட்டும்போது ஒருத்தர் மட்டும், "அப்படியா தாயீ, என்ன பாடம் நடத்துதாங்க?"ன்னு கேளுங்க. அந்த ஒரு குரல் போதும், அவள் அவளாவே வீடு திரும்புவாள்.

தனித்து நிற்பதிலேதான் மனிதன் தன்னை அறிகிறான். அப்படித் தனித்து நிற்கிறவனுக்குப் பக்கத்திலே ஒருத்தராவது நிற்கணும் என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.